கையில் 15 லட்சம், முதல் சொத்து: கடன் எவ்வளவு, யார் பேரில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வயது 31, கோவையில் வேலை, கையில் 15 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் வந்திருக்கிறது. வருகிற வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் என்று புரோக்கர் சொல்கிறார். இன்னொரு பக்கம் நண்பர் ஒருவர் அன்னூர் பக்கம் இருவரும் சேர்ந்து சைட் வாங்கிப் போடலாம் என்கிறார். எதை வாங்கினாலும் உங்கள் பேரிலா, மனைவி பேரிலா, அம்மா பேரிலா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பார்க்க மூன்று கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: பணம் யாருடையது, கடன் யாருடையது, பத்திரத்தில் பெயர் யாருடையது, இந்த மூன்றையும் எப்படிப் பொருத்துவது? காகிதத்தில் இவை பொருந்தாமல் வாங்கிய சொத்துதான் பின்னால் வீட்டுச் சண்டையாகவோ வருமான வரி நோட்டீஸாகவோ வந்து நிற்கும்.

நான் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. வக்கீலின் கருத்துரையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் என் மேஜைக்கு வரும்; படித்துப் பார்த்து, கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதுவதுதான் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் சொல்வது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். 60 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் தரும், அப்போது 48 லட்சம் கடன், 12 லட்சம் நம் கையிலிருந்து, மிச்சம் 3 லட்சம் செலவுக்கு என்று நீங்கள் போட்ட கணக்கு பெரும்பாலானவர்கள் போடுவதுதான். 80 சதவீதம் சரி. ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது உச்சவரம்பு, உரிமை அல்ல. ஆனால் அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு). தமிழ்நாட்டில் கைமாறும் பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அதையும் நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். 12-ஐயும் சேர்த்தால் 17 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. இன்னும் புரோக்கர் கமிஷன் கொடுக்கவில்லை, வக்கீல் ஃபீஸ் கொடுக்கவில்லை, வங்கியில் பத்திரம் வைப்பதைப் பதிவு செய்யும் செலவு வரவில்லை, சுவருக்கு ஒரு கோட் பெயின்ட்கூட அடிக்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. 80 சதவீதம் என்பது நீங்கள் பேசிய விலையில் அல்ல. பேசிய விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை, இரண்டில் எது குறைவோ அதில். அவர் 54 லட்சம் என்று எழுதினால் கடன் 43 லட்சத்து 20 ஆயிரத்தோடு நிற்கும். அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இது தெரியவரும் என்பதால் பலர் அந்தப் பள்ளத்தை நகைக்கடனாலும் பர்சனல் லோனாலும் நிரப்புவார்கள். அந்த பர்சனல் லோன் உங்கள் சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில் ஏறி, வீட்டுக்கடனுக்கான தகுதியையே குறைக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 15 லட்சத்துக்கு உங்கள் எல்லை 45 லட்சம் என்பேன். கடன் 36, கையிலிருந்து 9, பதிவுச் செலவு 4 லட்சத்துச் சொச்சம், மீதி 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு மற்றதுக்கு. அவசரத்துக்கென்று ஒரு ஆறு மாதச் சம்பளம் தனியாக இருக்கிறது என்றால்தான் இந்தக் கணக்கும். அந்த 15-க்குள்ளேயே அதுவும் அடக்கம் என்றால் இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டு வாருங்கள்.

வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டும் என்ற பேச்சை 45 லட்சத்திலேயே பார்த்துவிடலாம். 36 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 31,240 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 25,500. அசலில் கழிவது 5,740. அந்த ஃப்ளாட்டுக்கு 13,000 வாடகை வருகிறது என்றால் மாதம் 18,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அசோசியேஷன் மெயின்டனன்ஸ், சொத்து வரி, குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன பிறகு காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் சேர்த்தால் 20,000-ஐத் தாண்டும். ஐந்து வருடம் முடிந்து பாருங்கள்: மொத்தம் 18 லட்சத்து 75 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், கடனோ இன்னும் 31 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம் நிற்கும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தவணைக் கணக்கு அப்படித்தான் ஓடும். ஆனால் ஐந்து வருடத்தில் விற்றுவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். விலை ஏறினால் லாபம். ஏறுமா என்று புரோக்கருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வட்டி மாறும் கடன் என்றால் தனிநபர் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் கிடையாது. இதை நம்பித் தாராளமாகத் திட்டம் போடலாம். போனஸ் வரும்போதெல்லாம் முதல் ஐந்தாறு வருடத்துக்குள் அசலில் கட்டிவிடுங்கள், அங்கேதான் பலன் அதிகம். வங்கிகளில் வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு இணைந்திருக்கும். ரெப்போ ஏறினால் வட்டியும் சீக்கிரமே ஏறும். அப்போது தவணைத் தொகையைக் கூட்டாமல் காலத்தை நீட்டுவார்கள். நீங்கள் கேட்காவிட்டால் 20 வருடம் 26 வருடம் ஆனது தெரியாமலே இருப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் வாங்கி மீதமுள்ள தவணை எத்தனை என்று மட்டும் பாருங்கள். போதும்.

வரிச் சலுகைக்காக வாங்குவது என்பது இப்போது பழைய காலத்துப் பேச்சாகிக்கொண்டு வருகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் வருட வாடகை 1,56,000. அதில் 30 சதவீதம் நிலையான கழிவு போக 1,09,200. முதல் வருட வட்டி சுமார் 3 லட்சத்து 3 ஆயிரம். வட்டியைக் கழித்தால் 1 லட்சத்து 94 ஆயிரம் நஷ்டம் காட்டும். பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் முடியாது. வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான். அசலுக்கான 1.5 லட்சம் கழிவும் பழைய முறையில்தான். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இப்போது பெயர். இங்கேதான் படித்தவர்களே அதிகம் குழம்புகிறார்கள். கடனில் கையெழுத்துப் போடுவது வேறு, பத்திரத்தில் பெயர் இருப்பது வேறு. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரையும் வங்கி கடனில் சேர்க்கச் சொல்லும்; கடனில் சேர்ந்தவர் எல்லோரும் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்கள். மனைவியின் சம்பளத்தையும் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்று அவரை இணைக்கடன்தாரராகச் சேர்ப்பார்கள், பத்திரம் கணவன் பேரில் மட்டும் இருக்கும். பத்து வருடம் பாதித் தவணை அவர் கணக்கிலிருந்து போயிருக்கும். கடனுக்கு அவர் முழுப்பொறுப்பு, சொத்தில் பத்திரப்படி ஒன்றும் இல்லை, வரிக்கழிவும் கேட்க முடியாது. அவர் சம்பளம் இந்தக் கடனுக்குள் வருகிறது என்றால் அவர் பெயர் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். யார் எத்தனை பங்கு என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பின்னால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஆளுக்கொரு பேச்சு வரும்.

இருவர் பேரில் வாங்கினால் ஒருவர் போனபின் மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். வங்கிக் கணக்கில் இருவரில் எவராவது எடுக்கலாம் என்று வைத்திருப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை. சொத்தில் அப்படி நடக்காது. நீங்கள் இந்து என்றால், உயில் எழுதாமல் போனால் உங்கள் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் அம்மாவுக்கும் சம பங்காகப் போகும். ஆமாம், அம்மாவுக்கும். அதற்குப் பிறகு அம்மாவின் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். மனைவி வீட்டை விற்க வேண்டும் என்றால் நாத்தனாரிடமும் கொழுந்தனாரிடமும் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு. யாராக இருந்தாலும் பத்திரம் பதிவான மாதத்திலேயே உயில் ஒன்று எழுதி வைப்பது நல்லது. 31 வயதில் உயிலா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மனைவி பேரில் மட்டும் உங்கள் பணத்தில் வாங்கலாமா? கணக்கில் காட்டிய பணம் என்றால் சட்டப்படி தவறில்லை, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பேரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் வருகிற வாடகை வரிக்கு உங்கள் வருமானமாகவே கணக்காகும், அதனால் வரி மிச்சம் ஆகாது. பெண்கள் பேரில் பதிந்தால் கட்டணம் குறைவு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்த 1 சதவீதச் சலுகை 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்கள் ஃப்ளாட்டுக்கு வராது.

அம்மா பேரில் மட்டும் வாங்குவதை வேண்டாம் என்றே சொல்வேன். பாசத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர் பேரில் உங்கள் பணத்தில் வாங்கும்போது, ஆவணத்தில் உங்கள் பெயரும் கூட்டுச் சொந்தக்காரராக இருந்தால்தான் பினாமிச் சட்டத்தின் விலக்கு பொருந்தும். அவர் பேரில் மட்டும் என்றால் பொருந்தாது. உயில் இல்லாமல் போனால் அது உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பொது. தவணை கட்டியது நீங்கள் ஒருவர். அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வெளிப்படையாகக் கொடுங்கள்: உங்கள் பேரில் வாங்கி, கடன் முடிந்த பிறகு தானசெட்டில்மென்ட் (விலை வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

நண்பரோடு சேர்வது பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. நண்பர்கள் இருவர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலான வங்கிகள் வீட்டுக்கடன் தராது. தந்தாலும் முழுக்கடனுக்கும் இருவருமே முழுப்பொறுப்பு, ஆளுக்குப் பாதி இல்லை. அவருக்குக் கல்யாணம் ஆகி, அவசரமாகப் பணம் வேண்டும் என்று வந்தால் நீங்கள் அவர் பங்கை வாங்கும் நிலையில் இருப்பீர்களா? கடன் இல்லாமல், ரொக்கத்தில், தனித்தனியாக அளந்து பிரித்து இரண்டு பத்திரமாகப் போடக்கூடிய இரண்டு சைட் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்பும் பிழைக்கும்.

சைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மனைக்கடன் தருவார்கள், ஆனால் குறித்த காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சும்மா வாங்கிப் போட்டு விலை ஏறக் காத்திருப்பதற்கான கடன் அல்ல அது. கட்டி முடியும் வரை வட்டிக்கு வரிக்கழிவும் இல்லை. விவசாய நிலத்துக்கு வீட்டுக்கடனே கிடையாது. அன்னூர் பக்கம் போகும்போது ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் காதில் விழுந்தால் வண்டியைத் திருப்புங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி.; பஞ்சாயத்துத் தலைவர் தன் இஷ்டத்துக்குப் போடும் கையெழுத்து அனுமதி ஆகாது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது கையில் பத்திரத்தோடு விற்க முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் கேளுங்கள்.

பத்திரம் பார்ப்பதில் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கடன் ஃபைல். வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா விற்பவர் பேரில், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் சரி. மூலப்பத்திரம் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. அவர் உயில் இல்லாமல் இறந்திருக்கிறார். சில வருடம் கழித்து அம்மாவும் இரண்டு மகன்களும் பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். வாரிசுச் சான்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் ஐந்து பெயர், பாகப்பத்திரத்தில் மூன்று கையெழுத்து. விட்டுப்போன இருவரும் மகள்கள். வக்கீல் அவர்களிடம் விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் கேட்டார். “அவங்களுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சுங்க” என்று விற்பவருக்குக் கோபம். நகை போட்டது போட்டதுதான், சட்டத்தில் மகள் பங்கு அப்படியே நிற்கிறது. நாங்கள் கடன் தரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, வில்லங்கச் சான்றில் இது தெரியவே தெரியாது. பதிவான ஆவணங்களை மட்டும்தான் அது காட்டும். பதிவாகாத உரிமையையோ, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கையோ, விட்டுப்போன வாரிசையோ காட்டாது. பட்டாவும் அப்படியே. அது வருவாய்த் துறைப் பதிவு, உரிமைக்கு ஆதாரத்தில் ஒன்று. அதுவே உரிமை ஆகாது. ஆக, பேங்க் லோன் கொடுக்கிறது என்றால் டாக்குமென்ட் சரியாகத்தான் இருக்கும் என்ற பேச்சில் பாதி உண்மை. வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க நீங்கள் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பத்திரத்தை (சொந்தக்காரர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம்) மட்டும் காட்டி விற்க வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அது ரத்தாகவில்லையா என்று அந்த வக்கீல் முதலில் பார்க்கட்டும். பவரே விற்பனை ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஃப்ளாட் என்றால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். பழைய கட்டடத்தில் கட்டடத்துக்கு வயது ஏறிக்கொண்டே போகும், நிற்பது நிலப்பங்குதான். அனுமதித்த வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி கூடுதலாகக் கட்டி, அந்த மாடி ஃப்ளாட்டை உங்களிடம் தள்ளுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டுவதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, பணிநிறைவுச் சான்று வாங்கி முடிந்ததற்கு இல்லை.

விற்பவர் அமெரிக்காவில் இருக்கிறார், தம்பிதான் இங்கே பார்த்துக்கொள்கிறார் என்பது கோவையில் சகஜம். அப்படி என்றால் ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போது 50 லட்சம் தொட்டால்தான் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாடுவாழ் விற்பனையாளருக்கு அந்த 50 லட்சம் வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்பது உங்களைத்தான். அதேபோல, பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரொக்கமாகப் போன தொகைக்குக் கடன் கிடைக்காது. நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், லாபம் கூடுதலாகத் தெரியும், 12.5 சதவீத வரி அந்தக் கூடுதலுக்கும் சேர்த்துத்தான்.

கடனோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதன் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றி. கடனுக்கு அது கட்டாயம் அல்ல. தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), கடன் தொகைக்குக் குறையாமல், எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாமல் போனால் தவணை மனைவி தலையில் விழும் என்பதால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல், சம்பளச் சீட்டோடு இரண்டு வங்கிகளில் உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு 45 லட்சத்துக்குள் வீடு தேடுங்கள். பிடித்தது கிடைத்தால் விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். பதிந்தால்தான் அது வில்லங்கச் சான்றில் ஏறும், வேறு ஒருவருக்கு அவர் விற்கப் போனால் தெரியவரும். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: சட்டக் கருத்துரையிலோ மதிப்பீட்டிலோ குறை வந்து வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸை இத்தனை நாளுக்குள் முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று. விற்பவர் இந்த வரிக்கு மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் வாரிசுச் சான்றையும் உங்கள் வக்கீலிடம் கொண்டுபோங்கள்.